நானூற்றுப் பன்னிரண்டு பேர் பிறந்த வீடு

ஸ்டவ்வை அணைக்க விட்டார்கள். சோற்றை வடிக்க விடவில்லை.

"பானைய மட்டும் வெளிய எடுத்துக்கறேன் சார்" என்று காசியம்மாள் கேட்டாள். உள்ளே இருக்கும் எந்தப் பொருளையும் நகர்த்தக்கூடாது என்றார் அதிகாரி. பானையும் ஒரு பொருள்தான். கதவைச் சாத்திப் பூட்டினார்கள். பூட்டின்மேல் வெள்ளைத் துணி சுற்றி நூலால் இறுக்கினார்கள். ஒரு போலீஸ்காரர் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அரக்குக் குச்சியை உருக்கிச் சொட்டவிட்டார். வைகாசி வெயிலில் மெழுகுவத்தி எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அரக்கு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நோட்டீஸ்ல கையெழுத்துப் போடும்மா."

"இன்னா சார் எழுதிகிது இதுல?"

"உரிமம் இல்லாம பிரசவ விடுதி நடத்தினதா எழுதியிருக்கு."

"எங்க நடத்தினேன்?"

"இங்கதான்." அரக்கு காயாத கதவை அவர் கையால் காட்டினார். அவர் பெயர் ஜெயவேல். சுகாதாரத் துறையில் மாவட்ட அதிகாரி. குரலை உயர்த்தாமல் பேசுகிற ஆள். கையிலிருந்த கோப்பைத் திறந்து, பிறப்புப் பதிவேட்டின் நகலைப் புரட்டினார். "ஏரிக்கரைச் சந்து, கதவு எண் நாற்பத்தொண்ணு. எட்டு வருஷத்துல நானூத்திப் பன்னெண்டு குழந்தைங்க இந்த வீட்ல பொறந்திருக்கு. தகவல் சொன்னவர் காசியம்மாள். நீதானே?"

"நான்தான்."

"ஒரே கதவு நம்பர்ல இவ்வளவு நான் எங்கயும் பார்த்ததில்ல."

கூட்டத்தில் யாரோ, "கவர்மெண்டுக்கே தெரியாம கவர்மெண்டு ஆஸ்பத்திரி கட்டிகிறாடா காசிம்மா" என்றான். சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேருடைய பிள்ளைகளை அவள் கைதான் வெளியே எடுத்தது.

"சார், வூடு பத்தடி நீளம், எட்டடி அகலம். உள்ள ஒரு இரும்பு மேசை கீதே, பார்த்தீங்களே, ஏன் ஒருக்களிச்சு சுவத்துல சாத்தி வச்சிகிது? படுக்க வச்சா கதவு சாத்தாது. கதவைத் தொறந்து போட்டுகினு, தெரு பார்க்கவா நானூறு பொம்பளைங்க புள்ள பெத்தாங்க?"

ஜெயவேல் ஒரு நிமிடம் கதவைப் பார்த்தார். பிறகு கோப்பை மூடினார். "அதெல்லாம் கோர்ட்ல சொல்லும்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பயணியர் பங்களாவுக்கு வா. வாக்குமூலம் எழுதணும்."

ஜீப் போனது. காசியம்மாள் தன் வீட்டு வாசலில் நின்றாள். இடுப்பில் முடிந்திருந்த நாலு போல்ட்டுகள் குத்தின.

அந்த மேசை அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கொண்டுவந்தவளும் அவள்தான்.

வெம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சேரியிலிருந்து, புருஷன் செத்த மறு வருஷம் ஆரணிக்கு வந்தவள் அவள். முதலில் தறிக்காரர் வீடுகளில் நாடாவுக்கு நூல் தார் சுற்றினாள். தொண்ணூற்றொன்றில் 'ஸ்வர்ணா தாய்சேய் இல்லம்' என்று பலகை மாட்டியிருந்த வீட்டில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். நடத்தியவர் ஹேமநாத். முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் ஊரை விட்டுப் போனதும், நாற்காலியில் இவர் உட்கார்ந்தார். ஊரே டாக்டர் என்று கூப்பிட்டது. இல்லத்துக்குத் தன் மனைவி ஸ்வர்ணலதாவின் பெயரை வைத்தார். தன் பெயரை எந்தத் தாளிலும் வைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அரசாங்கம் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. ஹேமநாத் அவளை அனுப்பினார். பத்து நாள். ஓர் அலுமினியப் பெட்டியும், போட்டோ ஒட்டிய சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழை ஹேமநாத் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அன்று முதல் பிள்ளைப்பேறு எல்லாம் அவள் கையில் விழுந்தது. அவர் வாசலில் தலையை நீட்டி "என்ன ஆச்சு?" என்று கேட்பார். வெளியே வந்து "ஆண் குழந்தை" என்று சொல்வதும் அவர்தான்.

தறிக்காரர்கள் அந்த இல்லத்துக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாண முகூர்த்தத்துக்குச் சொன்ன புடவையை அந்தத் தேதிக்குள் நெய்து தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மூன்று நாள் தங்க வேண்டும், கூட ஒருத்தர் இருக்க வேண்டும், தறி நின்றுபோகும். இங்கே இரண்டு தெரு நடந்தால் போதும். காலையில் வலி எடுத்தவள் மறுநாள் காலையில் வீட்டில் இருப்பாள். வலி மெதுவாக வந்தால் அவர்களே கேட்பார்கள், "ஜல்தி ஆவறதுக்கு ஊசி இல்லியா?" இருந்தது. பயிற்சியில் சொன்ன முதல் பாடம், அந்த ஊசியை நீங்கள் தொடக்கூடாது என்பது. ஹேமநாத் சொன்னால் அவள் தொட்டாள்.

பிறப்பைப் பதிய வேண்டி வந்தபோது ஹேமநாத் வழி சொன்னார். "இல்லத்து பேர எழுதினா லைசென்ஸ் நம்பர் கேப்பாங்க. வீட்டுப் பிரசவம்னு எழுதினா கேக்க மாட்டாங்க. ஒவ்வொரு தகப்பனையும் கையெழுத்துக்கு அனுப்பினா தறி அரை நாள் நின்னுடும். உன் வீட்ல பொறந்ததுன்னு எழுதிடு. எல்லாத்துக்கும் நீயே போய்ட்டு வந்துடலாம்."

வியாழக்கிழமைதோறும் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். எழுதுகிறவர் அவள் சொன்னதை எழுதினார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். இதில் அவளுக்குப் பெருமை வேறு. யூனிபாரத்தில் போகும் பிள்ளைகளைப் பார்த்து, இது என் வூட்டு நம்பர் என்று நினைத்துக்கொள்வாள். தறிக்காரர் தெருக்களில் அவளைக் கூடத்துக்குமேல் விட மாட்டார்கள். பிள்ளைகளின் சான்றிதழில் மட்டும் அவள் வீட்டுக் கதவு இருந்தது.

முந்தாநாள் ஹேமநாத், "வெள்ளையடிக்கிறோம் காசி. மேசை, லைட்டு, தட்டு எல்லாம் ரெண்டு நாள் உன் வீட்ல இருக்கட்டும்" என்றார். மேசை ஆடாமல் இருக்க, தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. ஆடுகிறது என்று சொல்லி அதை இறுக்கச் செய்தவளும் அவள்தான். இப்போது அவளே ஸ்பானர் வைத்துக் கழற்றினாள். துருப்பிடித்த ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. திரும்ப மாட்டும்போது தேடக்கூடாதே என்று நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். மேசையைக் கைவண்டியில் ஏற்றி, மீதியைத் தலையில் வைத்து, தன் மேல் போடும் வழக்குக்கான சாட்சிப் பொருட்களை வேகாத வெயிலில் தானே சுமந்து தன் வீட்டில் சேர்த்தாள்.

ஜீப் போனதும் அவள் ஹேமநாத் வீட்டுக்குப் போனாள். அங்கே வெள்ளையடித்த வாடையே இல்லை. பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் நீளமாக வெளுத்துத் தெரிந்தது. பிரசவ அறை முழுக்க நூல் பொதிகள்.

"வா காசி. காபி குடிக்கிறியா?" பதின்மூன்று வருஷத்தில் அவர் முதல்முறையாகக் கேட்டார்.

ஸ்வர்ணலதா கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தாள். பின்கட்டு சன்னலில் காசியம்மாளுக்கென்று தனியே கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர். காசியம்மாள் அதை வாங்கவில்லை.

"என் வூட்டுக்கு சீல் வச்சுட்டாங்க சார்."

"தெரியும். ஒரு வாரம். பேஜார் பண்ணிக்காத."

"உங்க வூட்டுக்கு வைக்க வந்தவங்க அவங்க."

"வந்தாங்க, பார்த்தாங்க. இங்க நூல்தானே இருக்குது." அவர் தன் காபியை ஆற்றிக்கொண்டார். "சாயங்காலம் போயி, நான் ட்ரெயினிங் எடுத்த மருத்துவச்சி, வீட்ல வச்சுப் பார்த்தேன், லைசென்ஸ் வேணும்னு தெரியாதுன்னு சொல்லிடு. ஏழ, படிக்காதவன்னு விட்டுருவாங்க. வக்கீல் நான் வைக்கிறேன். என்னையும் இழுத்து விட்டா நாளைக்கு உனக்குன்னு யாரு இருக்கா?"

"அப்ப சுகன்யா?"

"எந்த சுகன்யா?"

அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"மாசியில செத்துச்சே, அபிதகுசாம்பாள் பொண்ணு. அதுவும் என் வூட்லதான் செத்துச்சா?"

"அதைப் பத்தி உன்னை யாரும் கேக்கலையே. கேட்டா பாத்துக்கலாம்."

கேட்டால் அதுவும் நாற்பத்தொன்றாம் எண்தான். மேசையைப் படுக்க வைக்க இடமில்லாத அறையில், ஒரு பிணத்துக்கு அவர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அவளுக்கு அந்த டம்ளரை எடுத்து வீசலாம் என்று தோன்றியது. வீசினால் உடைந்ததைப் பெருக்கப் போவதும் தான்தான் என்று பட்டது. படியிறங்கினாள்.

தறிக்காரத் தெருவில் தெய்வநாயகி தறிக்குழியில் காலைவிட்டு, நாடாவை ஓட்டி நெய்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். மூன்றும் காசியம்மாள் கையில் வந்தவை.

"ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. உன் புள்ளைங்க எங்க பொறந்துச்சுன்னு. அது போதும்."

நாடா நின்றது. "காசிம்மா, பெரியவனை அடுத்த மாசம் வேற ஸ்கூல்ல மூணாவது சேக்கணும். அவன் சர்டிபிகேட்டுல உன் வூட்டு நம்பர் கீது. அது பொய்னு நானே எழுதிக் குடுத்தா, அந்தத் தாளு செல்லுமா?"

"நான் ஜெயிலுக்குப் போவட்டுமா அப்ப?"

"நான் அப்படிச் சொல்லுவனா? நீதான எழுதின. என்னையா கேட்டு எழுதின?" அவள் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. நாடா மறுபடி ஓடியது. "சாப்டியா நீ?" என்று தறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

இன்னும் நாலு வீடு ஏறினாள். எல்லா வீட்டிலும் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் இல்லாத வீடு ஒன்றுதான். அங்கே போகக் கால் வரவில்லை. மூன்று மாதமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போய்வந்தவள் அவள். கடைசியில் அங்கேயும் போனாள்.

அபிதகுசாம்பாள் தறியின் முன் உட்கார்ந்து, பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலின் நுனியை இழை இழையாக முடிந்துகொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான இழைகள். தலை நிமிராமலே, "யாரு?" என்றாள்.

"காசி."

விரல்கள் நிற்கவில்லை. "கலெக்டர்கிட்ட மனு குடுத்தது நான். ஸ்வர்ணா இல்லம்னு தெருவு பேரோட எழுதிக் குடுத்தேன். உன் வூட்டுக்குப் பூட்டு போட்டுட்டுப் போறானுங்க. மூணு திங்கக்கெழம நின்னு குடுத்த மனு அது."

"தெரியும்மா."

"இன்னா தெரியும் உனக்கு? என் பொண்ணு செத்தப்ப வந்தியா? மூணாம் நாளு வந்தியா? உன் வூட்ல அரக்கு வெச்சதும் வந்துட்ட."

காசியம்மாள் வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். அபிதகுசாம்பாள் சொன்னது முழுக்க உண்மை.

மாசி மாதம், வியாழக்கிழமை. சுகன்யாவுக்கு முதல் பிள்ளை. வலி மெதுவாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை புடவை அறுக்க வேண்டும் என்று அவள் புருஷன் குமரேசன் வாசலுக்கும் தறிக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஹேமநாத் தலையை நீட்டி, "ஒரு ஊசி போடு காசி" என்றார். இன்னும் வழி திறக்கவில்லை சார் என்றாள். "போடு." போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, "இன்னொண்ணு." அதையும் போட்டாள். வயிறு மரக்கட்டை மாதிரி இறுகியது. பிறகு வலி சட்டென்று நின்றது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். அது நல்லதற்கில்லை, கர்ப்பப்பை கிழிந்தால்தான் வலி இப்படி நிற்கும் என்று அந்த அறையில் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடினார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் வெளியே வரவே இல்லை. காசியம்மாள் அறையைக் கழுவிவிட்டாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

"உன் கைதான அது" என்றாள் அபிதகுசாம்பாள்.

"என் கைதான்."

இழையை முடிந்த விரல் நின்றது. அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அந்த ஆபீசர்கிட்ட சொல்லுவியா?"

"ஹேமநாத் போடச் சொன்னாருன்னு சொல்லப்போறேன். அதைச் சொல்லணும்னா, போட்டது நான்னு சொல்லாம முடியாது."

"உள்ள புடிச்சுப் போடுவானுங்க."

"போடட்டும். சொல்லாம போனாலும் போடுவான், அவரு செஞ்சதுக்கு. சொல்லிட்டுப் போனா, நான் செஞ்சதுக்குப் போறேன்."

அபிதகுசாம்பாள் மறுபடி குனிந்தாள். அடுத்த இழையை எடுத்து முடிந்தாள்.

பங்களா வராந்தாவில் ஜெயவேல் எழுதுவதற்கு உட்கார்ந்திருந்தார். காசியம்மாள் நின்றபடி முதலிலிருந்து சொன்னாள். இல்லம், மேசை, வியாழக்கிழமைகள், முந்தாநாள் கைவண்டி. அவர் அதுவரைக்கும் எழுதாமல் பேனாவைப் பிடித்திருந்தார்.

"எல்லாரும் இப்படித்தான் அடுத்தவங்க மேல சொல்வாங்க. ருசு என்ன இருக்கு?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாலு போல்ட்டையும் அவர் தாளின் மேல் வைத்தாள். ஒன்று துருப்பிடித்து வளைந்திருந்தது.

"மேசைக் காலுல துளை கீது, பார்த்திருப்பீங்க. என் வூட்டுத் தரை சாணி மெழுகின மண்ணு சார். போல்ட் எங்க இறங்கும்? அவரு வூட்டுல நூல் பொதிய நகத்தச் சொல்லுங்க. சிமெண்டுத் தரையில நாலு குழி இருக்கும். பதிமூணு வருஷம் அந்தத் தரையைக் கழுவினவ நான்."

ஜெயவேல் போல்ட் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். எழுந்தார்.

ஹேமநாத் வீட்டில் பொதிகளை நகர்த்தியபோது அவர் கூடவே நின்றார். மூன்று குழிகள் உடனே தெரிந்தன. நாலாவதில் பஞ்சு அடைத்திருந்தது. காசியம்மாள் மண்டியிட்டு அதை விரலால் நோண்டி எடுத்தாள். போல்ட் நாலும் உட்கார்ந்தன. வளைந்தது, வளைந்தபடியே போய் உட்கார்ந்தது.

"கரண்ட் மோட்டார் வெச்சிருந்த குழி சார் இது" என்றார் ஹேமநாத்.

"மோட்டாருக்குப் பக்கத்துல ரத்தம் போவறதுக்கு எதுக்கு சார் சாக்கடை?" காசியம்மாள் எழுந்திருக்கவில்லை. தரை சரிந்து போய் முடிந்த மூலையில், சல்லடை மூடியைத் தூக்கிக் காட்டினாள். "நான்தான தெனம் கழுவி விட்டேன். உங்களுக்கு இது இருக்கறதே தெரியாதா?"

அதன் பிறகுதான் ஊசியைச் சொன்னாள். ஜெயவேல் அவளைத் தடுக்கப் பார்த்தார். "இதைச் சொன்னா உன் மேல கேஸ் பெரிசாகும். புரிஞ்சுதான் சொல்றியா?"

"புரிஞ்சுதான் சார். எழுதுங்க. ரெண்டு ஊசி. போட்டது நான். போடச் சொன்னது அவரு. செத்தது சுகன்யா. செத்தது என் வூட்ல இல்ல."

வாசலில் அபிதகுசாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஜெயவேலிடம் நேராக வந்தாள்.

"மனு குடுத்தவ நான்தான் சார். ஒண்ணு விட்டுப்போச்சு. ஜல்தி ஆவட்டும்னு அவர்கிட்ட கேட்டது நான். புடவை அறுக்கணும்னு கேட்டேன். அதையும் எழுதிக்குங்க."

"அது குத்தம் இல்லம்மா."

"பின்ன இன்னா அது?"

அவர் அதை எழுதவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதால், காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடும்படி காசியம்மாளிடம் போலீஸ்காரர் சொன்னார். அவள் அன்று இரவு தன் வீட்டு வாசலில், பூட்டிய கதவில் சாய்ந்து படுத்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்டேஷனுக்குப் போனாள். பத்து மணிக்கு ஸ்வர்ணா தாய்சேய் இல்லத்தின் கதவுக்கு அரக்கு வைத்தார்கள். ஹேமநாத் வீட்டில் இல்லை. நெஞ்சுவலி என்று விடியற்காலையிலேயே சென்னைக்குக் கொண்டுபோனதாக ஸ்வர்ணலதா சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் காசியம்மாளைப் பதினைந்து நாள் காவலில் வைக்கச் சொன்னார். இரண்டு மணி பஸ்ஸில் ஒரு பெண் போலீஸ் அவளை வேலூர் பெண்கள் சிறைக்குக் கூட்டிப்போனார். டிக்கெட்டை போலீஸ் எடுத்தார். அபிதகுசாம்பாள் வீட்டில் பாவு இழைகளை முடிந்து முடித்தார்கள். மாலையில் மருமகன் குமரேசன் தறியில் உட்கார்ந்தான். நாற்பத்தொன்றாம் எண் வீட்டின் அரக்கை எடுப்பதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் என்றார்கள். அது வரவில்லை. உள்ளே சோறு புளித்து நாறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதிப் போட்டார்.